விட்பியில் ஓர் இரவு: போய்த் திரும்புவதா, தங்குவதா, தங்கினால் எந்தக் கரையில்?

இங்கிலாந்தின் யார்க் நகரில் தங்கியிருந்தபடி வட யார்க்ஷயர் கடற்கரையையும் ஒரு முறை பார்த்துவிட விரும்புகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, அக்கரையிலுள்ள துறைமுக ஊரான விட்பிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவதா, அங்கேயே ஓர் இரவு தங்குவதா என்பதுதான். தங்குவதானால் ஊரின் எந்தப் பக்கத்தில் என்பது அடுத்த முடிவு. பெரும்பாலோர் முதல் கேள்வியைச் செலவுக் கணக்கைக் கொண்டும், இரண்டாவதை அறையின் புகைப்படத்தைக் கொண்டும் தீர்த்துக்கொள்கிறார்கள். ஒரு முறை பகல் பயணமாகவும், மறுமுறை முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு இரவு தங்கியும் அங்கே போய்வந்த எனக்கு, முதல் கேள்வியை நேரக் கணக்கும் இரண்டாவதை ஏற்ற இறக்கமுமே தீர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். எஸ்க் ஆறு வடகடலில் கலக்கும் இடத்தில், இருபுறமும் செங்குத்தாக எழுந்த குன்றுகளுக்கு நடுவே விட்பி இருக்கிறது. கிழக்குக் குன்றின் தலையில் மடாலயத்தின் இடிபாடும் செயின்ட் மேரி தேவாலயமும், அதன் அடிவாரத்தில் சர்ச் ஸ்ட்ரீட் என்னும் பழைய கல் பாவிய தெருவும் அதிலிருந்து பிரியும் சந்துகளும் உள்ளன. மேற்குக் குன்றின் மேல் விக்டோரியா காலத்து மாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல இன்று விடுதிகள். துறைமுகத்தின் நடுவே இரு கரைகளையும் இணைப்பது 1908ஆம் ஆண்டின் சுழல் பாலம். கடல் ஓதம் உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும், படகு வருமானால், அரை மணிக்கு ஒருமுறை அது திறக்கும். அப்போது இரு கரையிலும் மக்கள் நின்று, பாலத்தின் பாதிகள் மெல்லத் திரும்புவதையும் பாய்மரம் ஒன்று அவற்றின் இடையே நழுவிப் போவதையும் பார்த்திருப்பார்கள். அவசரமில்லாதவருக்கு அது காட்சி. பேருந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு அது கவலை. பகல் பயணத்துக்கும் தங்கலுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை இந்தப் பாலத்தடியில் நின்றே உணரலாம்.

பகல் பயணத்தின் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்ப்போம். யார்க்கிலிருந்து விட்பிக்கு நேரடி ரயில் கிடையாது. லீட்ஸிலிருந்து யார்க், மால்ட்டன், பிக்கரிங் வழியாக வரும் கோஸ்ட்லைனர் பேருந்தில் யார்க்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். அந்தப் பாதை வீண் அலைச்சல் அன்று என்பதையும் சொல்ல வேண்டும்: பிக்கரிங்கைத் தாண்டியதும் வண்டி ஹெதர் புதர் படர்ந்த மேட்டு நிலத்தில் ஏறி, ஹோல் ஆஃப் ஹார்க்கம் என்னும் பெரும் பள்ளத்தின் விளிம்பை ஒட்டிச் செல்லும்போது, மாடித் தட்டின் முன் இருக்கையில் உட்கார்ந்தவருக்கு அதுவே ஒரு தனிச் சுற்றுலா. ஆகஸ்ட் மாதத்தில் அந்த நிலம் முழுவதும் ஊதா நிறமாகிவிடும். ஆனால் போக வர நாலரை மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டியிலேயே போய்விடுவதால், ஊரில் கையில் நிற்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம்தான். மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியே வரும் ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆயினும் ஒரு நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளே ஓடுவதால், ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் கெட்டுவிடும். சொந்த வண்டியில் வருபவர் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கோடை ஞாயிற்றுக்கிழமையில் வண்டியை நிறுத்த இடம் தேடியே அந்த லாபத்தை இழப்பார். சீசனில் ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடு இயங்குகிறது. அதில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் இறங்குவதே நிம்மதி.

அந்த ஐந்து மணி நேரத்துக்குள் எதை அடக்க முடியும்? மடாலயத்தை மட்டும் சரியாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும், அதுவும் அவசரப்படாதவருக்குப் போதாது. வட இங்கிலாந்தில் அன்றிருந்த நார்த்தம்பிரியா நாட்டின் அரசன் ஒஸ்வியு 657இல் நிறுவிய மடம் இது. அதன் முதல் தலைவி ஹில்டா என்னும் பெண் துறவி. ஆண்களும் பெண்களும் அடங்கிய துறவியர் குழுவை அவர் நடத்தினார். ஈஸ்டர் திருநாளை எந்த முறையில் கணக்கிடுவது என்ற பெரும் சச்சரவை, 664இல் இங்கே கூடிய சபைதான் ரோமானிய வழக்கின் பக்கம் தீர்த்துவைத்தது. இங்கிலாந்தின் கிறித்துவம் அதன்பின் எந்தத் திசையில் போயிற்று என்பதற்கு அது ஒரு திருப்புமுனை. இதே மடத்தில் மாடு மேய்த்த கேட்மன் என்பவருக்குக் கனவில் பாடல் அருளப்பட்டதாகச் சொல்வார்கள். பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிஞர்களில் அவரே மூத்தவர். இன்று நாம் காணும் உயர்ந்த கூர்வளைவுச் சுவர்கள் ஹில்டாவின் காலத்தவை அல்ல. பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டது, 1830இல் நடுக்கோபுரம் சரிந்தது, 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் குண்டுகள் இந்தச் சுவர்களையும் தாக்கின. கூரையில்லாத அந்த நடுக்கூடத்தில் நின்று, கல்லைக் காற்று எப்படி அரித்திருக்கிறது என்று தொட்டுப் பார்க்கும்போது கடிகாரத்தைப் பார்க்க மனம் வராது.

மடாலயத்துக்குக் கீழே உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தைப் பகல் பயணிகளில் பலர் வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. நார்மன் காலத்துக் கட்டடத்தின் உள்ளே 18ஆம் நூற்றாண்டு மக்கள் மரத்தால் தடுத்த பெட்டி போன்ற இருக்கைகளை நெருக்கமாக அமைத்திருக்கிறார்கள், மேலே மாடங்கள், நடுவில் மூன்றடுக்குப் பிரசங்க மேடை. ஒரு பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தால், கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பது போலவே இருக்கிறது. கப்பல் கட்டும் ஊர்க்காரர்கள் கோயிலையும் தமக்குத் தெரிந்த விதத்தில் அமைத்துக்கொண்டார்கள் போலும்.

தெருவிலிருந்து இங்கே ஏறிவரும் 199 படிகளின் இடையிடையே அகன்ற தளங்களும் பெஞ்சுகளும் உள்ளன. சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்கிய இடங்கள் அவை. முதியவர்களை இந்தப் படிகளில் ஏற்றித்தான் மடாலயத்தைக் காட்ட வேண்டும் என்பதில்லை: குன்றின் பின்புறமாக வண்டிப் பாதை உண்டு, மடாலயத்துக்கு அருகிலேயே வண்டி நிறுத்துமிடமும் உண்டு. அம்மா டாக்சியில் அவ்வழியே மேலே வந்து, திரும்பும்போது மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாலை எந்தப் பேருந்தையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதால்தான் அது இயன்றது.

மடாலயம், தேவாலயம், படிகள், ஒரு வேளைச் சாப்பாடு: பகல் பயணம் இதோடு தீர்ந்துவிடும். கிரேப் லேன் சந்தில் உள்ள கேப்டன் குக் நினைவு அருங்காட்சியகம் விடுபடும். கப்பல் உரிமையாளர் ஜான் வாக்கரிடம் 1746இல் தொழில் பழகச் சேர்ந்த ஜேம்ஸ் குக், மற்றத் தொழில் பழகுநர்களோடு தங்கிய வீடு அது; பசிபிக் பெருங்கடலுக்கு அவர் கொண்டுசென்ற எண்டவர், நிலக்கரி ஏற்றுவதற்காக இந்த ஊரில் கட்டப்பட்ட கப்பல். ஜெட் என்னும் கறுப்பு நிறக் கல்லால் ஆன நகைகளின் கடைகளை நின்று பார்க்கவும் நேரமிராது. கல் என்று சொன்னாலும் அது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் அமிழ்ந்த மரம். அதனால்தான் கையில் எடுத்தால் பஞ்சுபோல் கனமில்லாமலும் தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசி துக்கத்தின் அடையாளமாக இதை அணிந்த பிறகு, இந்தத் தொழில் ஊரின் பிழைப்பாகவே ஆகிவிட்டது. அதே கடைகளில் சுருண்ட அம்மோனைட் கற்களும் இருக்கும். ஹில்டா பாம்புகளைக் கல்லாகச் சபித்ததால் வந்தவை இவை என்பது ஊர்க்கதை. நம் வீட்டுப் பூசையறையில் சாளக்கிராமம் என்று வைத்து வணங்குவதும் இந்த அம்மோனைட் இனத்தின் படிவமே என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் அந்தக் கல்லை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஆயினும் தங்குவதை நான் பரிந்துரைப்பது, விடுபட்ட இடங்களை மறுநாள் பார்த்து முடிப்பதற்காக மட்டுமன்று. மாலை ஐந்து மணிக்குப் பின் விட்பி வேறு ஊராகிவிடுகிறது. பேருந்துகளும் கார்களும் புறப்பட்டபின் சர்ச் ஸ்ட்ரீட்டின் கற்களில் தன் காலடி ஓசையைத் தானே கேட்கலாம். இந்தக் கரை வடக்கு நோக்கியிருப்பதால், கோடை நடுவில் சூரியன் கடலின் மேலேயே உதித்துக் கடலின் மேலேயே மறையும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இது அரிது. ஜூன் பிற்பகுதியில் மறைவு இரவு ஒன்பதரைக்கும் மேல், உதயம் விடியற்காலை நாலரை மணியளவில். பகல் பயணி இரண்டில் ஒன்றையும் காண மாட்டார். மேற்கு அலைதாங்கியின் முனைவரை நடந்து, 1831இல் எழுப்பிய தூண் வடிவக் கலங்கரை விளக்கத்தைக் கடந்து நின்று திரும்பிப் பார்த்தால், மடாலயம் மங்கும் வானத்தின்மேல் கருநிழலாக எழுந்து நிற்கும். இந்த ஊருக்கு வருவதற்கு அது ஒன்றே போதும் என்பேன்.

இனி எந்தக் கரை என்ற கேள்வி. கிழக்குக் கரையில் கிடைப்பவை பெரும்பாலும் காட்டேஜ்கள்: மீனவர்களும் மாலுமிகளும் வாழ்ந்த சிறு வீடுகள், ஆர்க்யூமென்ட்ஸ் யார்ட் போன்ற சந்துகளுக்குள்ளும் முற்றங்களுக்குள்ளும் அடுக்கடுக்காக இருப்பவை. அழகில் இவற்றுக்கு ஈடில்லை. விடியற்காலையில் ஹென்ரியேட்டா ஸ்ட்ரீட்டில் நடந்தால், 1872 முதல் ஒரே குடும்பம் நடத்திவரும் ஃபார்ச்சூன்ஸ் புகைக் கூடத்திலிருந்து ஓக் மரப் புகையும் ஹெர்ரிங் மீனின் எண்ணெயும் கலந்த வாசம் வரும். அங்கே சுவர்களில் தார்போலப் படிந்திருக்கும் கரி, தலைமுறைகளின் புகை. ஆனால் குறைகளையும் அறிந்துதான் இங்கே பதிவு செய்ய வேண்டும். வீட்டு வாசலுக்கு வண்டி வராது. பெட்டியைக் கற்கள்மீது இழுத்துச் செல்ல வேண்டும். உள்ளே ஏணிபோல் நிற்கும் குறுகிய படிகள், தலை இடிக்கும் விட்டங்கள். கோடையில் பல காட்டேஜ்கள் ஒரே இரவுக்குக் கிடைப்பதில்லை. மூன்று இரவு அல்லது ஒரு வாரம் எடுக்கச் சொல்வார்கள். கூரையில் கூடுகட்டும் கடற்பறவைகள் நாலு மணிக்கே கத்தத் தொடங்கிவிடும். லேசான தூக்கம் உள்ளவர்களுக்கு இது சிறு விஷயமன்று.

மேற்குக் குன்றில் காலை உணவோடு அறை தரும் பி அண்ட் பி விடுதிகளும் ஹோட்டல்களும் உள்ளன. ஓர் இரவுக்கும் அறை கிடைக்க வாய்ப்பு இங்கேதான் அதிகம். மேலே ஏறிவிட்டால் தெருக்கள் சமதரை. கடலும் எதிர்க்கரை மடாலயமும் ஒருசேரத் தெரியும் புல்வெளி, கேப்டன் குக்கின் சிலை, திமிங்கிலத் தாடை எலும்புகளால் ஆன வளைவு எல்லாம் நடை தூரத்தில். அந்த எலும்புகள் அலாஸ்காவிலிருந்து வந்தவை. அங்கே முன்பு நின்ற வளைவுகள், விட்பிக்காரர்கள் திமிங்கில வேட்டைக்குப் போன காலத்தின் நினைவு. துறைமுகத்திலிருந்து இங்கே ஏறிவரும் சாலைக்கு கைபர் பாஸ் என்று பெயர். பெயருக்கேற்ற ஏற்றம்தான், முதியவர்கள் டாக்சியிலோ நகரப் பேருந்திலோ வருவதே நலம். டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890 கோடையில் தங்கியதும் இந்தக் குன்றின் ராயல் கிரெசென்ட் வரிசையில்தான். மின்தூக்கி இல்லாத நாலு மாடி வீடுகளே இங்கு அதிகம் என்பதால், பதிவு செய்யும்போதே தரைத்தள அறை உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். கடல் தெரியும் அறை என்று விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. விட்பியில் வீடுகள் இரண்டாம் வீடுகளாகவும் விடுமுறை வாடகை வீடுகளாகவும் மாறிக்கொண்டே போவதால், ஊரில் பிறந்த இளைஞர்களுக்கே குடியிருக்க இடமில்லை. புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே செல்ல வேண்டுமா என்று 2022 ஜூனில் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அது சட்டத்தைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு அல்லவென்றாலும், ஊரின் வேதனையைச் சொல்லிவிட்டது. குளிர்கால இரவில் கிழக்குக் கரைச் சந்துகளில் விளக்கெரியாத சன்னல்களை எண்ணிப் பார்த்தவருக்கு அந்த வேதனை புரியும். காட்டேஜ் எடுப்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையோடும் சொந்தச் சமையலோடும் ஒரு வாரம் இருக்க வருகிற குடும்பத்துக்கு அதுதான் பொருந்தும். ஓரிரு இரவுக்கு வருபவர், உரிமையாளரே அதே வீட்டில் குடியிருந்து காலையில் தேநீர் ஊற்றித் தருகிற விடுதியைத் தேர்ந்தால், கொடுக்கிற பணம் அந்த ஊரிலேயே வாழ்கிற ஒரு வீட்டுக்குப் போகும்.

வேறு ஊரில் தங்கி விட்பிக்கு வந்துபோவதையும் சிலர் யோசிக்கிறார்கள். தெற்கே ஏறத்தாழ 20 மைலில் உள்ள ஸ்கார்பரோ பெரிய ஊர். இரண்டு விரிகுடாக்கள், நடுவே கோட்டை, 1867ஆம் ஆண்டின் பிரம்மாண்டமான கிராண்ட் ஹோட்டல், குன்றிலிருந்து கடற்கரைக்கு இறக்கும் சாய்வு ரயில். யார்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நேரடி ரயில் இருப்பதும், அறைகள் எண்ணிக்கையில் மிகுந்து விலையில் குறைந்திருப்பதும் அதன் பலம். பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, மணல் விரிந்த ஸ்கார்பரோவே சரியான தேர்வு. அங்கிருந்து விட்பிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். ஆனால் அப்படி வருபவர் மறுபடியும் பகல் பயணியாகிவிடுகிறார். அந்தி அவருக்கு இல்லை.

ராபின் ஹூட்ஸ் பே இன்னும் அருகில், ஆறு மைலில் உள்ளது. மலைச்சரிவில் ஒட்டவைத்தாற்போன்ற அந்தச் சிற்றூரின் கீழ்ப்பகுதிக்கு வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. மேலே நிறுத்திவிட்டுச் செங்குத்தான தெருவில் இறங்க வேண்டும். நடக்கப் பிடித்தவர்கள் இங்கே தங்கி, 1965இல் மூடப்பட்ட பழைய ரயில் பாதையிலோ குன்று விளிம்புப் பாதையிலோ விட்பிக்கு நடந்து வரலாம். முழங்கால் வலியோடு வருபவர்கள் இந்த ஊரை நினைக்கவே வேண்டாம்.

உணவு பற்றி நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை தேவை. யார்க்ஷயர் மீன் கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். விட்பியிலும் பல கடைகள் அவ்வாறே செய்கின்றன. ஆகவே மீனை விட்டு உருளைக்கிழங்கு மட்டும் வாங்கினாலும் அது சைவமாகிவிடாது. தாவர எண்ணெயில் பொரிக்கும் கடை எது என்று கேட்டால் விடுதிக்காரர்களே சொல்வார்கள். காலை உணவுக்குச் சைவத் தட்டு வேண்டுமென்பதை முந்தின நாளே சொல்லி வைத்தால் தயங்காமல் செய்து தருகிறார்கள்.

எந்த மாதம் என்பதும் முடிவின் ஒரு பகுதி. ஆகஸ்டில் பள்ளி விடுமுறையும் படகுப் போட்டித் திருவிழாவும் கூடுவதால் அறை அரிது, விலை உயர்வு. காத் என்னும் இருண்ட இசை, உடைப் பாணியில் பற்றுக்கொண்டு கருப்புடை அணியும் ரசிகர்கள் 1994 முதல் கூடிவரும் வார இறுதிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருகின்றன. அவர்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், அமைதியை விரும்புகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வெயில் நாளிலும் திடீரென்று கடலிலிருந்து குளிர்ந்த மூடுபனி ஏறி ஊரை மறைத்துவிடும். சீ ஃப்ரெட் என்பார்கள். பகல் பயணிக்கு அது அன்றைய நாளின் முடிவு. தங்கியவருக்கு மறுநாள் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், செப்டம்பரில் வார இறுதி அல்லாத இரண்டு நாள்களைச் சொல்வேன்: கூட்டம் கலைந்திருக்கும், அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும், ஓர் இரவுக்கும் அறை தருவார்கள்.

அறையைப் பதிவு செய்யும் முன், அந்த நாளின் ஓத அட்டவணையை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குக் குன்றின் அடியிலிருந்து சாண்ட்ஸ்எண்ட் என்னும் சிற்றூர்வரை ஏறத்தாழ மூன்று மைல் மணலிலேயே நடந்து போகலாம், அங்கே தேநீர் குடித்துவிட்டுப் பேருந்தில் திரும்பலாம். ஆனால் நீர் வடிந்துகொண்டிருக்கும்போது புறப்பட வேண்டும், ஏறும்போது அன்று. காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தாழ் ஓதம் விழுகிற நாளாக அமைந்தால், சிற்றுண்டிக்கு முன்பே அந்த நீண்ட ஈர மணல் முழுவதும் உங்களுக்கும் சில நாய்களுக்கும் மட்டுமே இருக்கும்.